இரவல் நாதம்

ஒருவருடைய கையெழுத்தைப் போலவே கையெழுத்துப் போட்டால் அது குற்றம். போட்டவனைப் பிடித்துச் சிறையில் வைக்கிறார்கள். ஒருவருடைய குரலைப் போலவே பாடினால் அது திறமை. பாடியவனுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். இரண்டு பேரும் செய்தது என்னவோ ஒரே காரியந்தான். இன்னொருவருக்கு உரிய அடையாளத்தை ஒருவன் கையால் உண்டாக்கிக் காட்டினான். மற்றவன் தொண்டையால் உண்டாக்கிக் காட்டினான். அப்படியிருக்க, ஒருவனுக்கு விலங்கு, மற்றவனுக்குப் பொன்னாடை என்று உலகம் எப்படிப் பிரித்தது?

கேட்டவுடன் பதில் சொல்லிவிடலாம். முதலாமவன் ஏமாற்றினான், இரண்டாமவன் ஏமாற்றவில்லை. மேடையில் நின்று டி. எம். சௌந்தரராஜனைப் போலப் பாடுகிறவரை யாரும் சௌந்தரராஜன் என்றே நம்பிப் பணம் கொடுப்பதில்லை. சரிதான். ஆனால் இந்தப் பதிலோடு மனம் அடங்கிவிடுவதில்லை. பிறரை ஏமாற்றாமலே மனிதன் தவறு செய்ய முடியும் அல்லவா? தன்னைத் தானே ஏமாற்றிக் கொள்ளலாம். தான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொல்லாமலே ஆயுளைக் கழித்துவிடலாம். அதற்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது. தண்டனை கிடையாத தவறுகளைப் பற்றித்தான் கதை எழுதுகிறவர்கள் அதிகமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

தத்துவ நூல்களை வரிசையாகக் கற்றவன் அல்ல நான். என்னிடம் வரும் கேள்விகள் எல்லாம் யாராவது ஒரு மனிதருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் வரும். இந்தக் கேள்வி மல்லசமுத்திரத்தில் இருக்கும் என் மருமகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தது.

மல்லசமுத்திரம் சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் உள்ள ஊர். 1997ல் சேலத்திலிருந்து நாமக்கல் மாவட்டத்தைப் பிரித்தபோது அந்தப் பக்கம் சேர்ந்தது. சுற்றிலும் மரவள்ளிக் காடு, பருத்திக் காடு. கூட்டுறவுச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் மூட்டைகளுக்கு நடுவே வியாபாரிகள் நின்று, பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்து, இது சுரபி, இது பி.டி. ரகம், இது கொட்டு என்று தரம் பிரிப்பதைப் பார்க்கலாம். ஊருக்குள் தெருவுக்குத் தெரு விசைத்தறி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தலைவலியைக் கொடுக்கும். ஊர்க்காரர்களுக்கோ மின்சாரம் நின்று சத்தம் ஓய்ந்தால்தான் தூக்கம் கலையும்.

என் தங்கையின் கணவர் எட்டுத் தறி வைத்திருக்கிறார். மகன் திருச்செங்கோட்டில் ஒரு பொறியியற் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரையில் தறியைப் பார்த்துக் கொள்கிறான். கல்லூரியில் பழகியது கிதார். இளையராஜா பாட்டுகளை வாசித்துக் கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலிருந்து ஒரு பித்துப் பிடித்தது. அந்தக் குழுவின் பெயர் நிர்வாணா. பௌத்தர்களின் விடுதலைச் சொல்தான் அது. ஆனாலும் தமிழில் அதற்கு வேறு அர்த்தமும் இருப்பதால், "அந்தப் பேரை உங்கப்பா முன்னாடி சொல்லாதே கண்ணு" என்று என் தங்கை அவனுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்தக் குழு பாடிய விதத்துக்கு 'கிரன்ஜ்' என்று பெயர். அழுக்கு, கசடு என்று பொருள். பெயருக்கேற்ற சத்தம். முதலில் மெல்லிய குரலில் முணுமுணுத்துக் கொண்டே வந்து, திடீரென்று தகரக் கொட்டகை சரிந்தாற்போல் கிதார் விழும். கேட்டுப் பழகாதவர்களுக்கு ஏதோ கருவி கெட்டுவிட்டது என்றே தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை. மின்சாரக் கிதாரில் கம்பி அதிரும்போது அடியில் இருக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் அந்த அதிர்வைச் சிறு மின்சாரமாக மாற்றுகின்றன. அதைப் பெருக்கிக் கொடுக்கும் பெட்டி ஆம்பிளிஃபயர். தன் சக்திக்கு மேல் ஏற்றினால் அது அலையின் உச்சியைத் தாங்க மாட்டாமல் வெட்டிவிடும். அப்போது நாதம் உடைந்து கரகரக்கும். நம் ஊர்க் கல்யாணங்களில் மைக் செட்டின் கூம்புக் குழாய் இப்படி உடைந்தால் மைக் செட்காரருக்குத் திட்டு விழும். அங்கே சிலர் அதை ரசித்தார்கள். 1964ல் லண்டனில் கிங்க்ஸ் என்ற குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் என்ற இளைஞர், வேண்டுமென்றே ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை பிளேடால் கீறிவிட்டு வாசித்தார். அதற்கு முன்பே, 1962ல், உடைந்த சத்தத்தைத் தரும் சிறு பெட்டி ஒன்று கடைக்கு வந்துவிட்டது. காலால் மிதித்தால் வேலை செய்யும்; ஆகவே அதற்குப் பெடல் என்று பெயர். பழுதாக இருந்தது சரக்காகிவிட்டது.

என் மருமகன் ஒரு பட்டியல் தயாரித்திருந்தான். நிர்வாணாவின் தலைவர் கர்ட் கோபேன் 1991ல் வெளியான 'நெவர்மைண்ட்' இசைத்தட்டில் எந்த வகைக் கிதார் வைத்திருந்தார், ஜப்பானிய பாஸ் கம்பெனியின் ஆரஞ்சு நிற டி.எஸ்.1 பெடலை எப்படித் திருப்பி வைத்தார், தண்ணீருக்குள் கேட்பது போன்ற அலைவுக்கு எந்தப் பெட்டி, எந்த ஆம்பிளிஃபயர் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். பக்கத்தில் விலை. கூட்டினால் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். வேலை இல்லாத பிள்ளைக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? தங்கை தன் கழுத்துச் சங்கிலியை பாங்கியில் வைத்துக் கொடுக்கத் தயாராக இருந்தாள். "குடிக்கறானா, கூத்தடிக்கறானா? ஒரு பொட்டி வேணும்ங்கறான். வாங்கிக் குடுத்தா என்னங்கண்ணா?" என்றாள். அவள் கணவர் வாய் திறக்கவில்லை. என்னை வரவழைத்தார்கள். குடும்பத்தில் ஒருவன் எழுத்தாளனாக இருந்தால், விளங்காத வழக்குகள் எல்லாம் அவனிடம்தான் வந்து சேருகின்றன.

"இவ்வளவும் வாங்கினால் என்ன கிடைக்கும் மாப்பிள்ளே?" என்று கேட்டேன்.

"அந்த டோன் கிடைக்கும் மாமா. அச்சு அசலா அதே டோன்."

"கிடைத்த பிறகு?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். கிடைத்த பிறகு என்ன என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. அந்த வயதில் யாருக்கும் எழாது.

இது அமெரிக்காவிலிருந்து வந்த நோய் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலேயே இதைவிடப் பெரிய கதை நடந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு முன்பெல்லாம் நாகஸ்வரம் என்றால் திமிரி. குட்டையான வாத்தியம், நாலு கட்டை, ஐந்து கட்டை சுருதியில் ஊரைத் தூக்கும். ராஜரத்தினம் பிள்ளை நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியுடன் சேர்ந்து நீளமான பாரி நாகஸ்வரத்துக்கு உயிர் கொடுத்தார். சுருதி தாழ்ந்தது, நாதம் கனத்தது. அந்தக் கனத்தில் அவர் தோடியை விரித்தபோது, கேட்டவர்கள் நேரம் போவதை மறந்தார்கள். அப்புறம் என்ன? தமிழ்நாட்டில் இருந்த வித்துவான்களின் கண் எல்லாம் நரசிங்கம்பேட்டைப் பக்கம் திரும்பிற்று. பழைய வீட்டு உத்தரங்களிலிருந்து எடுத்த ஆச்சா மரம், அதைக் கடைந்த குழல், காவிரிக் கரை நாணலில் கட்டிய சீவாளி என்று எல்லாவற்றையும் வாங்கினார்கள்.

வாங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? சுருதி கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளை கிடைக்கவில்லை. 1956ல் அவர் போனபோது அந்த நாதமும் அவரோடு போயிற்று. இசைத்தட்டில் நிழல் மட்டும் தங்கியது. என்றாலும், பாரி வாங்கியவர்களை யாரும் போலிகள் என்று சொல்வதில்லை. இன்று நாகஸ்வரம் என்றால் பெரும்பாலும் பாரிதான். 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒருவருடைய ஆசையில் தோன்றிய கருவி, நூறு பேர் பின்பற்றியதால் மரபாகிவிட்டது. ஆகையால் கருவியைப் பார்த்து வாங்குவது தவறு என்று நான் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் உலகத்தில் மரபு என்பதே இருக்காது.

அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தை நினைத்துக் கொள்கிறேன். குருவின் பக்கத்திலேயே நின்று, அவரோடு சேர்ந்து பல வருஷங்கள் வாசித்தவர். குருவின் நாதத்துக்கு அவரைவிட நெருங்கிப் போனவர்கள் இல்லை. 1962ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாகஸ்வரம் போட்டி போடுவதைக் கேட்டவர்களுக்கு, அதில் ராஜரத்தினம் பிள்ளை இருப்பதும் தெரியும், இல்லாததும் தெரியும். குருவிடம் இருந்த கம்பீரம் சீடரிடத்தில் குழைவாக மாறியிருந்தது. அவர் வேறாக வாசிக்க வேண்டும் என்று முயன்றார் என்று எனக்குத் தோன்றவில்லை. குருவைப் போலவே வாசிக்கத்தான் முயன்றிருப்பார். மூச்சு அவருடையது, உதடு அவருடையது, மனசு அவருடையது. முழு பலத்தோடு முயன்றும் குருவாக முடியாமல் எஞ்சிய இடத்துக்குத்தான் காருகுறிச்சி என்று பெயர்.

டி. எம். சௌந்தரராஜன் கதையும் இப்படித்தான். 1950ல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய முதல் பாட்டைக் கேளுங்கள். தியாகராஜ பாகவதரின் சாயை அப்படியே இருக்கும். மதுரையில் இருந்த அந்த இளைஞர் பாகவதராக விரும்பினார். பாடிப் பாடி, ஆக முடியாமல் போய், சௌந்தரராஜன் ஆனார். பின்னால் ஒரு தலைமுறையே அவரைப் போலப் பாட முயன்றது. சொந்தக் குரல் என்று நாம் போற்றுவது பிறக்கும்போதே பையில் இருக்கும் காசு அல்ல. பிள்ளை பேசக் கற்றுக் கொள்வதே தாயைப் பார்த்துத்தான். கொங்கு நாட்டுக்காரன் வாயில் 'ங்க' வந்து ஒட்டிக் கொள்வது அவனுடைய பாட்டி அப்படிப் பேசியதால்தான். எழுத்தாளர்களும் விலக்கல்ல. கல்கியைப் படித்துவிட்டுக் குதிரையும் உறையூரும் இல்லாமல் கதை எழுத முடியாமற் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலர் அந்தக் குதிரையிலிருந்து விழுந்த இடத்திலிருந்து தங்கள் கதையைத் தொடங்கினார்கள்.

ஆகவே பின்பற்றுவதில் பழி இல்லை. சொல்லப்போனால் அதுதான் வழி. பின் எங்கே கோடு போடுவது?

முதற் கோட்டை எனக்கு வரைந்து காட்டியவர் தங்கையின் கணவர். மாலையில் தறிக் கூடத்தில் நின்று, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்: "நம்ம பொழப்பே மாதிரியைப் பாத்து ஓட்டறதுதானுங்க மச்சான். ஏவாரி ஒரு சேலையைக் கொண்டாந்து போடுவான். இதே மாதிரி வேணும்பான். செயற்கை நூல்ல ஓட்டிக் குடுக்கறோம். அதுல எனக்கு வெக்கமில்லீங்க. கைத்தறின்னு சீட்டு ஒட்டச் சொன்னான் ஒருத்தன். அது ஆவாதுன்னுட்டேன். தறியை வேணா நிறுத்திக்கறேன்."

இதைச் சட்டமும் சொல்கிறது. 1985ல் இயற்றிய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி, சேலை, வேட்டி, துண்டு முதலியவற்றில் குறிப்பிட்ட 11 வகைகள் இன்று கைத்தறிக்கே உரியவை, விசைத்தறியில் நெய்யக்கூடாது. ஏன்? விசைத்தறியில் நெய்த துணி கந்தலா? இல்லை. அழகாகவே இருக்கலாம். ஆனால் குழியில் உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்கிறவனுடைய சோறு போய்விடும். போலி செய்வதில் இரண்டு குற்றங்கள் இருக்கலாம். ஒன்று, பிறருடைய பெயரை எடுத்துக் கொள்வது. மற்றொன்று, பிறருடைய சோற்றை எடுத்துக் கொள்வது. என் மருமகன் இரண்டையும் செய்யவில்லை. மல்லசமுத்திரத்தில் அவன் கிதார் வாசிப்பதால் அமெரிக்காவில் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. கோபேனோ 1994லேயே, இருபத்தேழாம் வயதில், தம் உயிரைத் தாமே போக்கிக் கொண்டுவிட்டார்.

இந்த வழக்கில் அவன் நிரபராதி என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் அவனுடைய பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. அவனே சொல்லக் கேட்டு, பிறகு நானும் படித்துத் தெரிந்து கொண்டது.

கோபேன் பிறந்து வளர்ந்த அபர்டீன், மரம் வெட்டிப் பிழைக்கும் ஊர். மழை ஓயாத இடம். கையில் காசு இல்லாத பையன்கள், அடகுக் கடையில் கிடைத்த, யாரும் வேண்டாம் என்று தள்ளிய கிதார்களை வாங்கினார்கள். நிர்வாணாவின் முதல் இசைத்தட்டு 1989ல் வெளியாயிற்று. பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட்தான். அதே சியாட்டில் பக்கத்து மட்ஹனி என்ற குழு, 1988ல் தங்கள் இசைத்தட்டுக்குத் தாங்கள் மிதித்த இரண்டு பெடல்களின் பெயரையே வைத்தது: 'சூப்பர்ஃபஸ் பிக்மஃப்'. நம் ஊர் வித்துவான் ஒருவர் தம் இசைத்தட்டுக்குச் 'சீவாளியும் ஜாலராவும்' என்று பெயர் வைத்தால் எப்படியோ, அப்படி! அந்தப் பெட்டிகள் அவர்களுக்குப் பூஜைக்குரியவை அல்ல. மலிவாகக் கிடைத்தவை, உரக்கக் கத்தியவை. அவ்வளவுதான்.

இன்று அதே ரகப் பழைய பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள், விலை ஏறிவிட்டது. 2020ல் கோபேன் வாசித்த ஒரு கிதார் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2022ல் இன்னொன்று 45 லட்சம் டாலருக்கு. அடகுக் கடைக் கிதாரில் பேர் எடுத்தவருடைய நாதத்தைத் தேடி, மல்லசமுத்திரத்தில் ஒரு தாய் சங்கிலியை அடகு வைக்கப் புறப்படுகிறாள்! அவர் செய்தது என்ன? அருகில் எது மலிவோ அதை எடுத்தார். தம் ஊரின் மழையையும் வெறுப்பையும் அதில் கொட்டினார். இவன் செய்யப் போவது என்ன? தூரத்தில் எது விலை உயர்ந்ததோ அதை வாங்கி, இன்னொருவருடைய மழையை அதில் தேடப் போகிறான். அவருடைய சத்தத்துக்கு விசுவாசமாக இருக்கிறான். அவருடைய செய்கைக்கோ நேர் எதிராக நடக்கிறான்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 1925ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். வறண்ட சீமை, பஞ்சம் பிழைக்க முடியாத ஜனங்கள். வீட்டில் சும்மா இருந்த கைகளுக்கு ராட்டினத்தைக் கொடுத்தார்கள். முரட்டு நூல், முரட்டுத் துணி. அதை உடுத்துவதற்குப் பெயர் அன்றைக்குக் கதர் விரதம். இன்று பட்டணத்துக் கடையில் மில் துணியைவிட அதிக விலை கொடுத்து, மெல்லிய கதர்ச் சட்டை வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். துணி அந்தக் குடும்பத்துத் துணிதான். போட்டுக் கொள்வது தவறும் இல்லை. நெய்தவனுக்குக் கூலி போகிறது. ஆனால் அதைப் போட்டுக் கொண்டதால் புதுப்பாளையத்துக்குப் போய் வந்ததாக நினைத்துக் கொண்டால் அதுதான் ஏமாற்று.

இதை அவனிடம் சொன்னேன். அவன் சளைக்கவில்லை. "அப்படின்னா சாமி சிலை செய்யற ஸ்தபதி மாமா? அவரு சாத்திரத்துல போட்ட அளவுப்படிதானே செய்யறாரு? நூறு வருசமா அதே முகம், அதே கை. அதைக் காப்பின்னு சொல்றீங்களா? கும்புடறீங்களே?" என்றான்.

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஸ்தபதி தம்மைக் காட்டிக் கொள்ள விரும்பவில்லை. பழைய அழகை இன்னொரு தலைமுறைக்குக் கொண்டு போய்ச் சேர்க்க விரும்புகிறார். அதுவும் ஒரு பெரிய வாழ்க்கைதான். சொந்தமாக ஏதாவது சொல்லியே தீர வேண்டும் என்று எல்லாருக்கும் விதித்திருக்கிறதா என்ன? கோயில் திருவிழாவில் பழைய பாட்டுகளை அப்படியே வாசித்து, ஊரில் உள்ள கிழவர்களை இளைஞர்களாக்கும் மெல்லிசைக் குழுக்காரரை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் ஒன்று: ஸ்தபதி அந்த முகத்தை உளியால் செய்கிறார். அளவு சாத்திரத்துடையது, உழைப்பு அவருடையது. சிலை செய்யும் யந்திரத்தை வாங்கி வைத்துவிட்டு அவர் திண்ணையில் உட்காரவில்லை. "நீ உன் பட்டியலில் எழுதியிருப்பது அளவா, யந்திரமா?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. எனக்காக மௌனமாக இருந்தானா, யோசித்தானா என்று தெரியாது.

யந்திரம் என்று நான் சொன்னது வெறும் உவமை அல்ல. 2024ல் வெளியான 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரகுமான், 1997ல் மறைந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் 2022ல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் பாட வைத்தார். குடும்பத்தாரின் சம்மதம் வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்ததாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டவனுக்கும் பாடியவனுக்கும் இடையில் உலகம் போட்டிருந்த கோடு அன்றைக்குக் கொஞ்சம் அழிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதே வருஷம், மறைந்த தம் தந்தை எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைத் தெலுங்குப் படம் ஒன்றில் கேட்காமல் இப்படி உண்டாக்கிவிட்டார்கள் என்று அவருடைய மகன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். குரலும் இப்போது கையெழுத்தைப் போல ஒருவருடைய சொத்து. அனுமதி கேட்க வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். பெயரும் சோறும் பற்றிய இரண்டு கேள்விகளுக்கும் அனுமதியும் கூலியும் பதில் சொல்லிவிடும். சரியாகவே சொல்லும்.

மூன்றாவது கேள்விக்கு அவை பதில் சொல்லாது. யந்திரம் அச்சு அசலாகச் செய்துவிடுகிறது. அது தோற்பதில்லை. பாகவதரைப் போலப் பாட முயன்று தோற்றதால் நமக்கு ஒரு சௌந்தரராஜன் கிடைத்தார். அந்த நாளில் பாகவதர் குரலைத் தரும் பெட்டி ஒன்று மதுரைக் கடையில் விற்றிருந்தால்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாக அவர் இருந்து அதை வாங்கியும் இருந்தால்? நமக்கு இரண்டு பாகவதர்கள் கிடைத்திருப்பார்கள். சௌந்தரராஜன் கிடைத்திருக்க மாட்டார். முழு வெற்றியை விலைக்கு வாங்க முடிகிற நாளில், தோல்வியால் மட்டும் கிடைக்கக்கூடிய ஒன்றை இழந்துவிடுகிறோம். இந்த இழப்பு வாங்கியவனுக்குத் தெரியாது. இல்லாத பாட்டை யாரும் தேடுவதில்லை.

மருமகன் கேட்ட பெட்டிகள் அவ்வளவு வல்லமை படைத்தவை அல்ல என்பது அவனுடைய அதிர்ஷ்டம். ஆரஞ்சுப் பெடலை மட்டும் வாங்கினான். தறியில் இரவு முறை பார்த்த கூலியில். ஆம்பிளிஃபயருக்குப் பதிலாகச் சேலத்தில் தொழிலை விட்ட மைக் செட்காரர் ஒருவரிடம் பழைய பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தது. தங்கையின் சங்கிலி அவள் கழுத்திலேயே இருக்கிறது. இதில் என் உபதேசத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்லிக் கொள்ள மாட்டேன். அவனுடைய அப்பா, "சங்கிலி வேண்டாம், ராத்திரி தறி ஓட்டறியா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். வழக்கு அங்கே தீர்ந்தது.

அந்தப் பழைய பெட்டி நிர்வாணாவைப் போல ஒலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் அவனே சொல்கிறான். சொல்லும்போது அவன் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. எனக்கும் இசை ஞானம் அவ்வளவு போதாது. ஆனால் கூடத்தில் தறிகள் ஓடிக் கொண்டிருக்கும்போது அவன் வாசித்தால், கை தானாகவே தறியின் வேகத்துக்குப் போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன். அதை அவன் குறையாக நினைத்துத் திருத்தப் பார்க்கிறான். திருத்திக் கொள்ளட்டும். முழு மனத்தோடு முயலட்டும். அவனுக்கு முன்னால் போனவர்களும் அப்படித்தான் முயன்றார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். பிறரைப் பின்பற்றும் ஒவ்வொருவனுக்கும் மூன்று கடன்கள் இருக்கின்றன. யாருடைய பெயரையும் நம் பெயராக்கக் கூடாது; யாருடைய சோற்றையும் பறிக்கக் கூடாது. இவை பிறருக்குக் கொடுக்க வேண்டிய கடன்கள். உலகம் இவற்றைக் கணக்குப் பார்த்து வசூலித்துக் கொள்ளும். மூன்றாவது, நமக்கு நாமே கொடுக்க வேண்டியது. நாம் போற்றுகிறவர் எந்த இடத்தில் போய்ச் சேர்ந்தார் என்று பார்ப்பதோடு, எந்த இடத்திலிருந்து, எதைக் கையில் எடுத்துக் கொண்டு புறப்பட்டார் என்றும் பார்க்க வேண்டும். அவர் தம் ஊரிலிருந்து புறப்பட்டார். நாமும் நம் ஊரிலிருந்து புறப்பட்டால், அவருடைய ஊருக்குப் போய்ச் சேர மாட்டோம். அதனால் அவருக்கும் நஷ்டம் இல்லை, நமக்கும் இல்லை.